அழுத்தாமல் ஓட்டுங்கள்: கை சாண்டர் பற்றி வாசகர் கேள்விகள்

வீட்டில் மரவேலை செய்யும் வாசகர்கள், உப்புத்தாள் மாட்டி மரத்தைத் தேய்க்கும் மின்கருவியான கை சாண்டரைப் பற்றி அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: புத்தக அலமாரி, மேசை, ஸ்டூல் என்று வீட்டுக்கு வேண்டியதை நானே செய்துகொள்கிறேன். இதுவரை மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் கையால்தான் தேய்த்து வந்தேன். ஒரே ஒரு சாண்டர் வாங்குவதென்றால் எதை வாங்குவது?

பதில்: 125 மி.மீ. தட்டு உள்ள ராண்டம் ஆர்பிட் சாண்டர் வாங்குங்கள். நீங்கள் சொன்ன மூன்று வேலைக்கும் அது ஒன்றே போதும்.

அதன் தட்டுக்கு இரண்டு அசைவுகள் உண்டு. மோட்டார் தட்டைச் சின்ன வட்டத்தில் ஆட்டுகிறது. தட்டு ஒரு பேரிங்கில் மாட்டியிருப்பதால் தானாகவும் மெல்லச் சுழல்கிறது. இரண்டும் சேரும்போது உப்புத்தாளில் உள்ள எந்தத் துகளும் தான் போன தடத்திலேயே திரும்பிப் போகாது. மர ரேகைக்குக் குறுக்கே ஓட்டினாலும் கீறல் கண்ணை உறுத்தாததற்குக் காரணம் இதுதான். கதவுச் சட்டம் போல, ஒரு பலகையின் ரேகை நெடுக்கும் அடுத்ததன் ரேகை குறுக்குமாக வந்து சேரும் இடத்தில் இந்தக் குணத்தின் அருமை தெரியும்.

கால் தாள் சாண்டர் என்று ஒன்று உண்டு. 230 × 280 மி.மீ. முழுத் தாளை நான்காக வெட்டி அதில் மாட்டலாம். தட்டு சதுரமாக இருப்பதால் பெட்டியின் உள்மூலை வரை போகும், தாளுக்கும் செலவு குறைவு. ஆனால் தட்டு ஆடுமே தவிரச் சுழலாது. அதனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். இதை இரண்டாவது மெஷினாக வாங்கலாம். முக்கோணத் தட்டு சாண்டர் இடுக்குகளுக்கு மட்டும்தான்.

வாங்கும்போது வாட் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் ஆட்டத்தின் விட்டத்தைக் கேளுங்கள். 2.5 மி.மீ. அல்லது 3 மி.மீ. என்றால் வீட்டு வேலைக்குச் சரி. 5 மி.மீ. மரத்தை வேகமாகத் தின்னும், அதற்கேற்பக் கீறலும் பெரிதாக விழும். அடுத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் கட்டாயம் வேண்டும். மூன்றாவது, அடித்தட்டு தனி உதிரிபாகமாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஏனென்றால் மோட்டாருக்கு முன்னால் தேய்ந்துபோவது அதுதான். தூசி வெளியேறும் வாயின் விட்டம் உங்கள் வாக்யூம் குழாய்க்குப் பொருந்துமா என்பதையும் அளந்துகொண்டு போங்கள். கடைசியாக, கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கை அதன் தலையை முழுதாக மூடிப் பிடிக்க வேண்டும். உயரமான மெஷின் சற்று அசந்தாலும் சாயும். சாய்ந்தால் பலகையில் குழி விழும்.

கேள்வி: ஆங்கிள் கிரைண்டர் ஏற்கெனவே இருக்கிறது. அதில் உப்புத்தாள் வட்டு மாட்டினால் போதாதா? பெல்ட் சாண்டரும் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: மேசைப் பலகையில் கிரைண்டரைத் தயவுசெய்து வைக்காதீர்கள். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று, ஒரே திசையில் சுழலும். வில் வில்லாக ஆழமான கீறலும் கருகலும் மிஞ்சும். அவற்றை எடுக்க, தேய்க்க வேண்டியதைப் போல் பல மடங்கு தேய்க்க வேண்டியிருக்கும். மரத்தைக் குடைந்து உருவம் செய்யும் வேலைக்குத்தான் அது ஏற்றது.

பெல்ட் சாண்டர் வேறு ரகம். ஒட்டிய பலகைகளின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய, தடித்த பெயின்ட்டைக் கிளப்ப அதைப் போல வேகமானது இல்லை. ஆனால் ஓடும் பெல்ட் ஒரே இடத்தில் இரண்டு விநாடி நின்றாலே பள்ளம் விழும். மெஷினைக் காற்றிலேயே ஓடவிட்டு, பின்பக்கத்தை முதலில் தொடவைத்து, நகர்த்திக்கொண்டே இறக்க வேண்டும். எடுக்கும்போதும் நகர்ந்தபடியே தூக்க வேண்டும். மர ரேகையின் திசையிலேயே ஓட்ட வேண்டும். இழைப்புளி பிடிக்கத் தெரிந்தவருக்கு வீட்டில் இது தேவைப்படுவது அரிது.

கேள்வி: மேசைப் பலகையை 80, 120, 180 நம்பர் தாள்களால் தேய்த்தேன். தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) அடித்ததும் பலகை முழுக்கச் சின்னச் சின்னச் சுருள் கீறல்கள் கறுப்பாகத் தெரிகின்றன. மெஷின் கோளாறா?

பதில்: அநேகமாக மெஷினில் கோளாறு இல்லை. இந்தப் பகுதிக்கு அதிகம் வரும் புகார் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

அந்தச் சுருள்கள் ஸ்டெயின் அடித்ததால் வந்தவை அல்ல. முன்பே இருந்தவை. கீறலுக்குள் ஸ்டெயின் அதிகமாகத் தங்குவதால் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. விரல் நுனிக்கு எட்டாத கீறலைக்கூட ஸ்டெயின் காட்டிவிடும்.

பொதுவான காரணம் அழுத்தம். தட்டு பேரிங்கில் தானாகச் சுழல வேண்டும் என்று மேலே சொன்னோம். கையை வைத்து அமுக்கினால் அந்தச் சுழற்சி நின்றுவிடும், ஆட்டம் மட்டும் மிஞ்சும். அப்போது ஒவ்வொரு துகளும் ஒரே சின்ன வட்டத்தைத் திரும்பத் திரும்பக் கீறும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். கோடு சுற்றி வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அமுக்குகிறீர்கள் என்று பொருள். மெஷினின் எடையும் அதன் மேல் ஓய்வாக வைத்த கையின் எடையும் போதும்.

அடுத்தது தூசி. 80 நம்பர் தாளிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு துகள், 180 நம்பர் தாளுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் போதும், பலகை நெடுகச் சுருள் போட்டுக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு முறை தாள் மாற்றும்போதும் பலகையை மட்டுமல்ல, மெஷினின் அடித்தட்டையும் பலகையின் கீழ் உள்ள மேடையையும் வாக்யூமால் உறிஞ்சிவிடுங்கள். துணியால் தட்டினால் துகள் இடம்தான் மாறும். பிசின் வழியும் மரத்தில் தாளே அடைத்துக்கொள்ளும். அதில் சேர்ந்த கட்டிகளும் இதே வேலையைச் செய்யும். அடைத்த தாளை ரப்பர்க் கட்டியால் சுத்தம் செய்யலாம். மழுங்கிவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். மழுங்கிய தாளை இன்னும் கொஞ்சம் ஓட்டலாமே என்று நினைக்கும்போதுதான் கை தானாக அமுக்கத் தொடங்குகிறது.

மூன்றாவது, வேகமாக நகர்த்துவது. விநாடிக்கு 25 மி.மீ. போதும், அதாவது ஒரு தட்டு அகலத்தைக் கடக்க 5 விநாடி. முதல் முறை பார்ப்பவருக்குப் பொறுமையைச் சோதிக்கும் வேகம்தான். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் மேல் பாதி ஏற வேண்டும். இந்தக் கணக்கில் 1,200 × 600 மி.மீ. பலகையை ஒரு முறை கடக்க ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும். நெடுக்கில் ஒன்று, குறுக்கில் ஒன்று என்று இரண்டு முறை ஓட்டினால் ஒரு நம்பருக்குக் கால் மணி நேரம். மூன்று நம்பருக்கு முக்கால் மணி நேரம். பத்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்திருந்தால் 80 நம்பர் கீறல் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பலகையைத் தொடும் கணத்திலும் தவறு நடக்கும். மெஷினைப் பலகையில் தட்டையாக வைத்துவிட்டு சுவிட்ச் போடுங்கள். முடிக்கும்போது ஓடிக்கொண்டிருக்கையிலேயே நேராக மேலே தூக்கிவிட்டு அணையுங்கள். காற்றில் தூக்கிப் பிடிக்கும்போது தட்டு வெறி பிடித்ததுபோல் சுழல்கிறதென்றால் அதுமட்டும் மெஷின் கோளாறு. தட்டைச் சுற்றி உரசிக்கொண்டிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. அதுதான் தட்டுக்கு பிரேக். பல மெஷின்களில் சில திருகுகளைக் கழற்றி அதை மாற்றிவிடலாம்.

இனி, உங்கள் மேசைக்கு என்ன செய்வது? ஸ்டெயினே இப்போது உங்களுக்கு வழிகாட்டி. அது நன்கு காய்ந்ததும் 120 நம்பரில் தொடங்குங்கள். சுருளுக்குள் இருக்கும் கறுப்பு மறையும் வரை தேய்த்தால் கீறல் போய்விட்டது என்று பொருள். பிறகு 150, அதன்பின் 180. முடிந்ததும் அதே 180 நம்பர் தாளை மரக்கட்டையில் சுற்றி, ரேகையின் திசையில் கையால் நெடுக நான்கைந்து இழுப்பு. மீதியுள்ள சுருள்கள் ரேகையோடு கலந்து மறைய இந்த இழுப்புகள் உதவும்.

மறுபடி ஸ்டெயின் அடிக்கும் முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு விளக்கைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடிக்க வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தின்னர் நனைத்த துணியால், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு முறை துடையுங்கள். ஈரமாக இருக்கும் அந்தச் சில விநாடிகளில் எல்லாக் கீறலும் முகம் காட்டும்.

கேள்வி: 80 நம்பரிலிருந்து நேரே 220-க்குப் போனால் என்ன? தாளாவது மிச்சமாகும். எந்த நம்பரோடு நிறுத்துவது?

பதில்: மிச்சம் ஆகாது. பி 80 தாளின் துகள் சராசரியாக 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பி 120 என்றால் 125, பி 180 என்றால் 80 சுற்றளவில், பி 220 என்றால் 68. 200 மைக்ரான் துகள் போட்ட பள்ளத்தை 68 மைக்ரான் துகள் சுரண்டி மட்டமாக்க வேண்டுமானால், இடையில் இரண்டு தாள் செலவழிப்பதைவிட அதிக 220 தாள் அழியும். நம்பர் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடினால் சரியான படி: 80, 120, 180. தேவைப்பட்டால் 220.

எங்கே தொடங்குவது என்பதும் முக்கியம். இழைத்து மட்டமாக்கிய பலகைக்கு 80 தேவையில்லை, 120-இல் தொடங்கலாம். இழைப்பு மெஷினின் அலைக்கோடு அல்லது பசைத் துளி இருந்தால் மட்டும் 80. பென்சிலால் பலகை முழுக்க லேசாகக் கிறுக்கிவிட்டுத் தேயுங்கள். கிறுக்கல் முழுதும் மறைந்தால் அந்த நம்பர் எல்லா இடத்தையும் தொட்டுவிட்டது. அடுத்த நம்பருக்கு மறுபடி கிறுக்குங்கள்.

நிறுத்துவது மேலே பூசப்போவதைப் பொறுத்தது. ஸ்டெயின் என்றால் 150 அல்லது 180. அதற்கு மேல் போனால் மரம் வழவழப்பாகி ஸ்டெயினை உறிஞ்சாது, நிறம் வெளிறும். வார்னிஷுக்கு 180 அல்லது 220. எண்ணெய் பூசினால் 220-ஐத் தாண்டியும் போகலாம். பலகையின் வெட்டுமுனை ஸ்டெயினை அதிகம் குடித்துக் கறுக்கும். அதை மட்டும் மற்ற இடத்தைவிட ஒரு நம்பர் கூடுதலாகத் தேய்த்துவிடுங்கள், நிறம் ஒத்துவரும்.

தண்ணீர் கலந்த வார்னிஷ் பூசுபவர்கள் கடைசியாக ஈரத் துணியால் பலகையைத் துடைத்துக் காயவிடுங்கள். படிந்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். கடைசி நம்பர் தாளால் கையால் லேசாக ஒரு தடவை நீவினால் போதும். இங்கே அழுத்தித் தேய்த்தால் புதிய நார்கள் கிளம்பும்.

கேள்வி: வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிய பிளைவுட்டில் ஓரத்தில் அடுத்த அடுக்கு தெரிந்துவிட்டது. சரி செய்ய முடியுமா?

பதில்: வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் போன வெனீரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மேல் வெனீர் அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், அதற்குக் குறைவாக இருப்பதும் சகஜம். சின்ன இடம் என்றால் நிறம் கலந்து தொட்டு மறைக்கலாம். ஓரம் முழுக்க என்றால் மரப்பட்டி ஒட்டுங்கள், அல்லது அந்தப் பக்கத்தைப் பெயின்ட் அடிக்கும் பக்கமாக மாற்றிவிடுங்கள்.

வெனீர் ஏற்கெனவே வழவழப்பாகவே வருகிறது. 180 நம்பர், குறைந்த வேகம், ஒரே ஒரு தடவை. ஓரங்களில் மெஷினே வேண்டாம், கட்டையில் சுற்றிய தாள்தான். தட்டு பலகைக்கு வெளியே தொங்கினால் மீதித் தட்டின் மேல் எடை கூடி விளிம்பைச் சாப்பிட்டுவிடும். கட்டி மரப் பலகையிலும் தட்டில் மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் மரத்தின் மேல் இருக்க வேண்டும். விளிம்பு கூராகவே வேண்டுமானால் அதே கனமுள்ள வீண்பலகையை ஒட்டி வைத்து இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

கேள்வி: தாள் வட்டு அடிக்கடி கழன்று பறக்கிறது.

பதில்: தட்டின் வெல்க்ரோ கொக்கிகள் உருகிவிட்டன. அவை பிளாஸ்டிக். அமுக்கி ஓட்டினால் சூடேறி மழுங்கும், தாள் மாட்டாமல் ஒரு முறை ஓட்டினாலே போதும், பெரும்பகுதி போய்விடும்.  புதுத் தட்டு வாங்கி மாட்டுங்கள். அடுத்த முறை, தட்டுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாதுகாப்பு வட்டு ஒன்றை மாட்டிவிட்டால் தேய்மானம் அதன் மேல் விழும். தாளின் ஓட்டைகளும் தட்டின் ஓட்டைகளும் நேராகப் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். பொருந்தாவிட்டால் தூசி உள்ளேயே சிக்கிச் சூடு கூடும்.

கேள்வி: மெஷினோடு வந்த துணிப்பை போதுமா? மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்கிறேன்.

பதில்: இரண்டும் போதாது. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் சேர்த்தது. குறிப்பாகக் கடின மரத் தூசிக்கும் மூக்கு, சைனஸ் புற்றுநோய்க்கும் தொடர்பு உறுதியானது. தினமும் வருடக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனாலும் வீட்டில் குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் தூளைப் பை பிடித்துவிடும். பயப்பட வேண்டியது, பையின் துணி வழியே வெளியேறி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும் நுண்தூசிக்குத்தான். வாக்யூமை மெஷினோடு இணையுங்கள், அதில் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருந்தால் நல்லது. உறிஞ்சும் வேகத்தை முழுதாக வைத்தால் தட்டு பலகையில் ஒட்டிக்கொண்டு மெஷின் துள்ளும், கொஞ்சம் குறையுங்கள். முகத்துக்கு என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம். தாடி இருந்தால் ஓரம் வழியே காற்று புகும் என்பதை நினைவில் வையுங்கள். மெஷினை நிறுத்தியதும் முகக்கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள், அறையில் தூசி இன்னும் மிதந்துகொண்டுதான் இருக்கும்.

இன்னொரு அவசர எச்சரிக்கை. எண்ணெய் அல்லது வார்னிஷ் பூசிய மரத்தைத் தேய்த்த தூசி பையில் கிடந்தபடியே தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வேலை முடிந்தவுடன் பையை வெளியே கொண்டுபோய், மூடியுள்ள தகர டப்பாவில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியையும் சுருட்டி வைக்காதீர்கள். ஒற்றையாக விரித்துத் திறந்த வெளியில் காய வையுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து நாற்காலி, பல அடுக்கு பெயின்ட். சாண்டர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வயது தெரியாத பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ள வேண்டும். உலர்ந்த பெயின்ட்டைத் தேய்த்தால் ஈயத் தூசி வீடெங்கும் படியும், குழந்தைகளுக்கு அது மிகக் கெடுதல். ஈயச் சோதனை செய்து பாருங்கள். இருந்தால் பெயின்ட் நீக்கும் திரவம் பூசி, ஈரமாகவே சுரண்டி எடுங்கள். மரம் வெறுமையாகி, கழுவிக் காய்ந்த பிறகு சாண்டருக்கு வேலை வரும். ஈயம் இல்லாத பெயின்ட் என்றாலும் அதிக வேகத்தில் உருகித் தாளில் அப்பிக்கொள்ளும். குறைந்த வேகமும் 60 அல்லது 80 நம்பரும் போதும்.

கேள்வி: பேட்டரி சாண்டர் நல்லதா?

பதில்: 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 90 வாட் மணி. மெஷின் 200 வாட் இழுத்தால் 27 நிமிடத்தில் தீர்ந்துவிடும். துளையிடும் மெஷின் போல விட்டுவிட்டு ஓடுவதில்லை, சாண்டர் தொடர்ந்து ஓடும். ஒரு மேசைக்கு முக்கால் மணி நேரம் என்று மேலே கணக்குப் போட்டோம். வாக்யூம் குழாய் எப்படியும் பின்னால் தொங்கப்போகிறது, ஒயர் இருந்தால் என்ன? வீட்டுக்கு ஒயர் உள்ளதே எங்கள் தேர்வு.

கேள்வி: ஒரு மணி நேரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப்போகின்றன.

பதில்: கைப்பிடியை இறுக்காதீர்கள். மெஷினின் கையேட்டில் அதிர்வு அளவு இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 8 மணி நேர வேலை நாளுக்குச் சராசரி 2.5 மீட்டர்/விநாடி² எட்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. 5 அளவுள்ள மெஷினை 2 மணி நேரம் ஓட்டினாலே அந்த 2.5 வந்துவிடும். கால் மணிக்கு ஒரு முறை நிறுத்திக் கையை உதறுங்கள். முன்பைவிட அதிர்வு கூடியிருந்தால் பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது வேறு மாடலின் தட்டு மாட்டியிருக்கும். ஆட்டத்துக்கு எதிர் எடை அந்தந்தத் தட்டுக்கென்றே அளந்து வைத்தது. விரல் நுனி வெளுத்துப்போனாலோ மரத்தல் மறுநாளும் நீடித்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வார்னிஷ் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் சாண்டர் ஓட்டலாமா?

பதில்: கையால் செய்யுங்கள். அந்தப் படலம் மிக மெல்லியது, விளிம்பில் மெஷின் ஒரு நொடியில் அதைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிடும். 320 நம்பர் தாளை மடித்து, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மூன்று இழுப்பு. பளபளப்பு மங்கி வெள்ளைத் தூள் வந்தால் போதும். தூள் வராமல் உருண்டை உருண்டையாகத் திரண்டால் வார்னிஷ் இன்னும் காயவில்லை, மறுநாள் வரை விட்டுவிடுங்கள். தாள் வாங்கும்போது நம்பருக்கு முன் பி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பி என்பது ஐரோப்பிய நம்பர் முறை, எழுத்தில்லாதது அமெரிக்க முறை. 220 வரை பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு மேல் இரண்டு முறைகளும் பிரிந்துபோகின்றன, எழுத்தில்லாத 320 என்பது பி 400 அளவு நயமானது.